சிஆர்பி ஏறினால் ஆபத்தா? வைரஸ் காய்ச்சலில் ரத்தப் பரிசோதனை எண்களைப் படிக்கும் முறை

2021 கோடையில், கொரோனா இரண்டாம் அலையின்போது, சிஆர்பி, டி-டைமர், ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனைகளின் பெயர்கள் நம் வீடுகளுக்குள் நுழைந்தன. ரிப்போர்ட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு, "சிஆர்பி 38 இருக்கு, அட்மிட் பண்ணணுமா?" என்று தெரிந்த டாக்டர்களையெல்லாம் கேட்டோம். அலை ஓய்ந்தது, பழக்கம் ஓயவில்லை. இன்றைக்கும் மூன்று நாள் காய்ச்சல் என்றால் பல லேப்களின் காய்ச்சல் பேக்கேஜில் சிஆர்பி தானாகவே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

கூடவே இரண்டு தவறான நம்பிக்கைகளும் ஊன்றிவிட்டன. சிஆர்பி அதிகம் என்றால் உடம்பில் கிருமி அதிகம் என்பது ஒன்று. சிஆர்பி நார்மல் என்றால் இனி பயமில்லை என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் அதிக ஆபத்தானது. இந்த எண்கள் எதை அளக்கின்றன, நோய் முற்றுமா என்று சொல்ல எப்போது உதவுகின்றன, எப்போது ஏமாற்றுகின்றன என்று பார்ப்போம்.

## தீயணைப்பு வண்டிகளை எண்ணுவது

ஊருக்கு வெளியே ஒரு வைக்கோல்போர் பற்றிக்கொண்டது என்று வையுங்கள். நீங்கள் கடைத்தெருவில் நிற்கிறீர்கள். தீ கண்ணில் படவில்லை. தீயணைப்பு வண்டிகள் மணியடித்துக்கொண்டு போவது மட்டும் தெரிகிறது. ஒரு வண்டி போனால் சின்னத் தீ, ஐந்து போனால் பெரிய தீ என்று ஊகிப்பீர்கள். ஊகம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் தீப்பிடித்த உடனே வண்டி வந்துவிடாது. தீ அணைந்த பிறகும் வண்டிகள் கொஞ்ச நேரம் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும். விபத்து நடந்தாலும் அதே வண்டிதான் போகும். நிலையத்தில் போனே வேலை செய்யவில்லை என்றால், தெருவே எரிந்தாலும் ஒரு வண்டிகூடக் கண்ணில் படாது. சில நேரம் தீயைவிட, பீய்ச்சியடித்த தண்ணீரே வீட்டை அதிகம் பாழாக்கும்.

சிஆர்பியும் அதன் கூட்டாளிகளும் இந்த வண்டிகள்தாம். வைரஸை அவை எண்ணுவதில்லை. வைரஸைப் பார்த்து உடம்பு எவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்கிறது என்பதையே எண்ணுகின்றன.

## உடம்புக்குள் நடப்பது

இன்ஃப்ளூயன்சா, கொரோனா, ஆர்எஸ்வி போன்ற வைரஸ்கள் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்பரப்புச் செல்களுக்குள் புகுந்து பெருகுகின்றன. தாக்கப்பட்ட செல், இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியிட்டுப் பக்கத்துச் செல்களை உஷார்படுத்துகிறது. அங்கே காவல் இருக்கும் வெள்ளணுக்களும் தங்கள் பங்குக்குச் சில புரதங்களை ரத்தத்தில் விடுகின்றன. செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ளப் பயன்படும் இத்தகைய புரதங்களுக்குப் பொதுப்பெயர் சைட்டோகைன்.

சேதி போனதும் தாக்கப்பட்ட இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. ரத்தக் குழாய்ச் சுவர்கள் சற்று இளகி, வெள்ளணுக்களும் திரவமும் வெளியே கசிகின்றன. சிவப்பு, சூடு, வீக்கம், வலி என்று வெளியே தெரியும் இந்த எதிர்வினைதான் அழற்சி. காலில் முள் குத்திய இடத்தில் நடப்பதும் இதேதான்.

சைட்டோகைன்களில் நமக்கு முக்கியமானது இன்டர்லூகின்-6, சுருக்கமாக ஐஎல்-6. இது ரத்தத்தில் பயணித்து மூளைக்குப் போய்க் காய்ச்சலைக் கிளப்புகிறது. கல்லீரலுக்குப் போய், "இன்னின்ன புரதங்களை உடனே தயாரி" என்று உத்தரவு போடுகிறது. அந்த உத்தரவின்பேரில் தயாராகும் புரதங்களில் ஒன்று சிஆர்பி.

பெரும்பாலானவர்களுக்கு இந்த எதிர்வினை ஒரு வாரத்தில் வேலையை முடித்துக்கொண்டு அடங்கிவிடும். சிலருக்கு வைரஸ் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை இறங்குகிறது. காற்றுப்பைக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவர், ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கைவிட மெல்லியது. ஆக்சிஜன் அதன் வழியாகத்தான் கடக்க வேண்டும். அழற்சி அங்கே கட்டுமீறினால் சுவர் தடித்து, பையில் திரவம் நிரம்பி, ஆக்சிஜன் கடப்பது தடைபடும். வைரஸ் குறைந்துகொண்டே வரும் நாட்களிலும் நோயாளி மோசமாவதற்கு இதுதான் காரணம். தண்ணீர் வீட்டைப் பாழாக்கும் கட்டம் இது.

சுருக்கமாகச் சொன்னால், வைரஸ் செல்லைத் தாக்குகிறது, செல்கள் சைட்டோகைன் விடுகின்றன, கல்லீரல் சிஆர்பியைத் தயாரிக்கிறது. நாம் ரத்தத்தில் அளப்பது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை.

## சிஆர்பி: பக்கத்தில் போய்ப் பார்த்தால்

1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் இருவரும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இந்தப் புரதத்தைக் கண்டார்கள். நிமோகாக்கஸ் பாக்டீரியாவின் 'சி' என்ற சர்க்கரைப் பொருளோடு ஒட்டிக்கொண்டதால் சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்று பெயர் வந்தது. பிறந்ததே பாக்டீரியா நிமோனியா ஆராய்ச்சியில்தான் என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

ஆரோக்கியமாக இருக்கும் பெரும்பாலோருக்கு ஒரு லிட்டர் ரத்தத் திரவத்தில் இது 5 மில்லிகிராமுக்குள் இருக்கும். சில லேப்கள் 10 வரை நார்மல் என்று போடும். அழற்சி தொடங்கியதும் 6 முதல் 12 மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, ஏறக்குறைய இரண்டு நாளில் உச்சத்தைத் தொடும். ஆகவே காலையில் காய்ச்சல் வந்து மதியம் எடுத்த சிஆர்பி நார்மலாக இருப்பதில் ஆறுதல் கொள்ள ஒன்றுமில்லை.

இறங்குவதற்கும் ஒரு கணக்கு உண்டு. ரத்தத்தில் இருக்கும் சிஆர்பி பாதியாகக் குறைய ஏறத்தாழ 19 மணி நேரம் ஆகும். கல்லீரல் தயாரிப்பை அடியோடு நிறுத்திவிட்டால் 100 என்பது 19 மணி நேரத்தில் 50, 38 மணி நேரத்தில் 25 ஆகும். நிஜத்தில் தயாரிப்பு படிப்படியாகத்தான் குறையும் என்பதால் எண் இதைவிட மெதுவாகவே இறங்கும். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை என்று சிஆர்பி எடுப்பது அதனால்தான் வீண் செலவு. கொரோனா காலத்தில் இந்திய அரசின் சிகிச்சை வழிகாட்டுதலும் மிதமான நோய் உள்ளவர்களுக்கு 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை சிஆர்பி, டி-டைமர் பார்த்தால் போதும் என்றே சொன்னது.

எண்ணைப் பார்க்கும் முன் அதன் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். சில லேப்கள் மி.கி/லிட்டர் என்று கொடுக்கும், சில மி.கி/டெசிலிட்டர் என்று கொடுக்கும். இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். ஒரு லேபில் 4.8 மி.கி/டெசிலிட்டர், மறுநாள் இன்னொரு லேபில் 48 மி.கி/லிட்டர் என்று வந்தால் இரண்டும் ஒன்றுதான். பத்து மடங்கு ஏறிவிட்டது என்று அலறிய குடும்பங்கள் உண்டு.

இன்னொரு குழப்பம் எச்எஸ்-சிஆர்பி. இதுவும் அதே புரதம்தான், மிகக் குறைந்த அளவையும் துல்லியமாகக் காட்டும் முறை, அவ்வளவே. இதயநோய் ஆபத்தைக் கணிக்கப் பயன்படுவதால் ரிப்போர்ட்டின் கீழே 1க்குக் கீழ் குறைந்த ஆபத்து, 3க்கு மேல் அதிக ஆபத்து என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த வரம்பு உடம்பு நன்றாக இருக்கும்போது எடுத்த ரத்தத்துக்கு மட்டுமே. காய்ச்சலோடு போய் எச்எஸ்-சிஆர்பி எடுத்து, 22 என்று பார்த்து மாரடைப்பு வரப்போகிறதோ என்று பயப்படத் தேவையில்லை.

எவ்வளவு ஏறினால் அதிகம்? சாதாரண வைரஸ் சளிக் காய்ச்சலில் 10, 20, 40 என்று ஏறுவது சகஜம். 100ஐத் தாண்டினால் மருத்துவர்கள் முதலில் பாக்டீரியாவைச் சந்தேகிப்பார்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014இல் வெளியிட்ட நிமோனியா வழிகாட்டுதலில், சிஆர்பி 20க்குக் கீழ் இருந்தால் ஆன்டிபயாட்டிக் வேண்டாம், 100க்கு மேல் இருந்தால் கொடுக்கலாம் என்று கோடு போட்டிருந்தது. ஆனால் இந்தக் கோட்டை மதிக்காத வைரஸ்களும் உண்டு. குழந்தைகளுக்கு வரும் அடினோவைரஸ் காய்ச்சலில் 100ஐத் தாண்டுவது அபூர்வமல்ல. கடுமையான கொரோனாவிலும் இன்ஃப்ளூயன்சாவிலும் பாக்டீரியா துணையில்லாமலே 150, 200 வரை போகும்.

## கூட்டாளிகள்

சிஆர்பியோடு சேர்த்து எடுக்கப்படும் மற்றவற்றில் மிக மலிவானது, ஆனால் அதிகம் கண்டுகொள்ளப்படாதது, சாதாரண ரத்த அணுக்கள் எண்ணிக்கைதான். அதில் லிம்போசைட் என்ற வெள்ளணு வகையைப் பாருங்கள். வைரஸை எதிர்க்கும் முக்கியப் படை இது. பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டரில் 1,000க்குக் கீழே போவதும், அடுத்தடுத்த நாளில் இன்னும் இறங்குவதும் கடுமையான கொரோனாவின் தெளிவான அடையாளங்கள். ரிப்போர்ட்டில் சதவீதம் மட்டும் இருந்தால் மொத்த வெள்ளணுக்களோடு பெருக்கிக்கொள்ள வேண்டும். மொத்தம் 5,000, லிம்போசைட் 14 சதவீதம் என்றால் 700.

டி-டைமர், ரத்தக்கட்டு உருவாகிக் கரையும்போது உதிரும் துண்டு. அழற்சி முற்றினால் சின்ன ரத்தக் குழாய்களில் கட்டுகள் உண்டாவதால் இது ஏறும். இதிலும் அலகுக் குழப்பம் உண்டு. எஃப்இயு (FEU) என்ற அலகில் சொன்ன எண், டிடியு (DDU) என்ற அலகில் சொன்னதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். எஃப்இயு அலகில் 500 நானோகிராம்/மி.லி என்பது வழக்கமான வரம்பு. வயதோடு டி-டைமர் இயல்பாகவே கூடும் என்பதால், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு இருக்கிறதா என்று தேடும்போது 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி வரம்பாகக் கொள்வது வழக்கம். 72 வயதுக்காரருக்கு அது 720. கர்ப்பிணிகளுக்கும் அண்மையில் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் காய்ச்சலே இல்லாமலும் இது அதிகமாக இருக்கும். ரத்தத்தை வெளிர்நீல மூடிக் குழாயில், கோடு வரை சரியாக நிரப்ப வேண்டும். அதிலிருக்கும் சிட்ரேட் மருந்துக்கும் ரத்தத்துக்கும் 1:9 என்ற விகிதம் கெட்டால் எண்ணும் கெட்டுவிடும்.

ஃபெரிட்டின், இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம். அழற்சியிலும் ஏறும். இதைத் தனியாக வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சர்க்கரை நோய், கொழுப்புக் கல்லீரல், மதுப்பழக்கம் இருப்பவர்களுக்குச் சாதாரண நாளிலேயே கூடுதலாக இருக்கும். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ள பெண்களுக்கோ 10, 12 என்றுதான் தொடங்கும், அதனால் அது 150க்கு ஏறினாலும் ரிப்போர்ட் நார்மல் என்றே காட்டும்.

எல்டிஎச், செல்கள் சிதையும்போது வெளியேறும் நொதி. நுரையீரல் திசு சேதமானால் ஏறும். சிவப்பணுக்களுக்குள்ளும் இது ஏராளம் என்பதால், மெல்லிய ஊசியில் வேகமாக உறிஞ்சினாலோ குழாயைக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடைந்து எண் பொய்யாக எகிறும். தனியாக எல்டிஎச் மட்டும் தாறுமாறாக இருந்தால் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்பதே முறை.

ஐஎல்-6 சங்கிலியின் மேல்கண்ணி என்பதால் கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். விலை அதிகம், மணிக்கு மணி மாறும், லேபுக்கு லேப் வேறுபடும். சிஆர்பியே அதன் நிழல்தான் என்பதால் பெரும்பாலான இடங்களில் சிஆர்பி போதும்.

புரோகால்சிடோனின் கேட்கும் கேள்வியே வேறு. பாக்டீரியா தொற்றில் ஏறும், வைரஸ் தொற்றில் இன்டர்ஃபெரான் அதை அடக்கிவைக்கும். ஆகவே நோய் முற்றுமா என்பதைவிட, பாக்டீரியாவும் சேர்ந்துகொண்டதா என்று பார்ப்பதற்கே இதைப் பயன்படுத்துகிறார்கள். 0.25 நானோகிராம்/மி.லிக்குக் கீழே இருந்தால் பாக்டீரியா நிமோனியாவுக்கு வாய்ப்பு குறைவு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த எண்ணும் நம்பகமில்லை.

இதுவரை பார்த்ததில், ஒவ்வொன்றும் சங்கிலியின் ஒவ்வொரு இடத்தை அளக்கிறது. லிம்போசைட் படையின் எண்ணிக்கையை, டி-டைமர் ரத்தக்கட்டை, எல்டிஎச் திசுச் சேதத்தை, சிஆர்பி கல்லீரலுக்குப் போன உத்தரவின் வேகத்தை. இவற்றில் எதற்கும் கிருமியின் பெயர் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வரும் காய்ச்சல் டெங்குவா, ஃப்ளூவா, எலிக்காய்ச்சலா, ஸ்க்ரப் டைஃபஸா என்று சிஆர்பியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு அந்தந்த நோய்க்கான பரிசோதனைதான் வேண்டும்.

## முன்கணிப்பு என்றால் என்ன?

அதிகம் தடுமாறும் இடம் இதுதான். "சிஆர்பி அதிகமாக இருந்தவர்களுக்கு நோய் முற்றியது" என்று ஆய்வுகள் சொல்வது உண்மை. அதிலிருந்து "எனக்கு சிஆர்பி அதிகம், எனவே எனக்கு முற்றும்" என்ற முடிவுக்குத் தாவ முடியாது. ஏன் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். எண்கள் புரிதலுக்காக வைத்துக்கொண்டவை.

ஒரு பரிசோதனை, நோய் முற்றப்போகும் 100 பேரில் 80 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. முற்றாத 100 பேரில் 20 பேரைத் தவறாக ஆபத்து என்று காட்டுகிறது. சுமாரான, நடைமுறையில் காணக்கூடிய பரிசோதனைதான்.

முதலில் வீட்டில் லேசான காய்ச்சலோடு இருக்கும் 1,000 பேருக்கு இதைச் செய்வோம். இவர்களில் 20 பேருக்குத்தான் நோய் முற்றப்போகிறது. பரிசோதனை அந்த 20 பேரில் 16 பேரைப் பிடிக்கும். முற்றாத 980 பேரில் 196 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ஆக 212 பேருக்கு ஆபத்து என்று ரிப்போர்ட் வரும். அதில் உண்மை 16 பேருக்கு மட்டும், 100க்கு எட்டுப் பேர்கூட இல்லை. மீதி 196 வீடுகளில் வீண் பதற்றம்.

அடுத்து, மூச்சுத்திணறி வார்டில் சேர்ந்த 1,000 பேர். இவர்களில் 300 பேருக்கு முற்றப்போகிறது. பரிசோதனை 240 பேரைப் பிடிக்கும், முற்றாத 700 பேரில் 140 பேரைத் தவறாகப் பிடிக்கும். ஆபத்து என்று வந்த 380 பேரில் 240 பேருக்கு அது உண்மை, 100க்கு 63 பேர்.

அதே ரத்தம், அதே மெஷின், அதே வரம்பு. மாறியது ஆட்கள் மட்டும். 2021 மே மாதத்தில் அப்போதைய டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் ரன்தீப் குலேரியா, லேசான நோய் உள்ளவர்கள் சிடி ஸ்கேனுக்கும் இந்த ரத்தப் பரிசோதனைகளுக்கும் ஓட வேண்டாம் என்று சொன்னதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கலாம். அன்று பலர் அதைச் சிக்கனப் பேச்சாகவே எடுத்துக்கொண்டார்கள்.

## 21 மதிப்பெண்ணில் சிஆர்பிக்கு எத்தனை?

வார்டில் சேர்ந்தவர்களிடமும் சிஆர்பி தனி ஆளாக முடிவு சொல்வதில்லை. 2020இல் பிரிட்டனின் ஐசாரிக் 4சி ஆய்வுக்குழு, 35,000க்கும் மேற்பட்ட உள்நோயாளிகளின் விவரங்களிலிருந்து கொரோனாவுக்கான ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கியது. எட்டு விஷயங்கள், மொத்தம் 21 மதிப்பெண். எண் கூடக்கூட ஆபத்து கூடும்.

அதில் சிஆர்பிக்கு அதிகபட்சம் 2 மதிப்பெண்தான்: 50க்குக் கீழ் 0, 50 முதல் 99 வரை 1, 100ம் அதற்கு மேலும் 2. வயதுக்கு மட்டும் 7 வரை உண்டு. ரத்த யூரியாவுக்கு 3 வரை. ஆக்சிஜன் அளவு 92க்குக் கீழ் போனால் 2, நினைவு மங்கினால் 2, மூச்சு வேகத்துக்கு 2 வரை, கூடவே உள்ள நோய்களுக்கு 2 வரை, ஆணாக இருந்தால் 1.

ஒரு கணக்குப் போடுவோம். 45 வயதுப் பெண், வேறு நோய் இல்லை, மூச்சும் ஆக்சிஜனும் யூரியாவும் சரி, சிஆர்பி மட்டும் 120. மதிப்பெண் 2. அந்த ஆய்வில் 0 முதல் 3 வரை வாங்கியவர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 1 சதவீதம். இன்னொருவர் 72 வயது ஆண், சர்க்கரை நோய் உண்டு, நிமிடத்துக்கு 24 மூச்சு, ஆக்சிஜன் 91, சிஆர்பி வெறும் 20. வயதுக்கு 6, ஆண் 1, சர்க்கரை 1, மூச்சு 1, ஆக்சிஜன் 2, சிஆர்பிக்கு 0. மொத்தம் 11. 9 முதல் 14 வரை வாங்கியவர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 31 சதவீதம்.

சிஆர்பியை மட்டும் பார்த்திருந்தால் யாரை வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்று யோசித்துப் பாருங்கள். இந்தச் சதவீதங்கள் தடுப்பூசிக்கு முந்தைய முதல் அலையில், மருத்துவமனையில் சேர்ந்த பெரியவர்களுக்கு உரியவை. வீட்டில் சளியோடு இருப்பவர் தனக்குப் போட்டுப் பார்க்கும் கணக்கு அல்ல.

## எந்த நாளில் எடுத்தது, எந்தப் பக்கம் போகிறது

இரண்டு பேருக்கும் சிஆர்பி 48 மி.கி/லிட்டர். ஒருவருக்குக் காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாள், உடம்பு கொதிக்கிறது, ஆக்சிஜன் 98. இன்னொருவருக்கு எட்டாம் நாள், காய்ச்சல் விட்டுவிட்டது, ஆக்சிஜன் 94, ஐந்தாம் நாள் எடுத்த சிஆர்பி 12.

முதலாமவரின் உடம்பு எதிர்பார்த்த நேரத்தில் எதிர்பார்த்த வேலையைச் செய்கிறது. இரண்டாமவருக்கு இறங்கியிருக்க வேண்டிய நாளில் நான்கு மடங்கு ஏறியிருக்கிறது. இவரை அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். கொரோனாவில் மூச்சுத்திணறல் பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில்தான் தலைகாட்டும். இன்ஃப்ளூயன்சாவில் அதற்குச் சற்று முன்னதாகவே. ஆகவே ரிப்போர்ட்டின் மேல் பேனாவால் "காய்ச்சல் தொடங்கி இத்தனையாவது நாள்" என்று எழுதிவைப்பது, இன்னொரு பரிசோதனைக்குப் பணம் கட்டுவதைவிட உபயோகமானது. ஒப்பிட வேண்டுமானால் இரண்டு தடவையும் ஒரே லேபில் எடுங்கள்.

## எண் ஏமாற்றும் இடங்கள்

அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியதும் சிஆர்பி மளமளவென்று இறங்கும். நோய் இறங்கியதா, எண் மட்டும் இறங்கியதா என்பது ஆக்சிஜனைப் பார்த்தால்தான் தெரியும். ஸ்டீராய்டு லிம்போசைட்டைக் குறைத்து, நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வெள்ளணுவைக் கூட்டவும் செய்யும். இவ்விரண்டின் விகிதத்தை வைத்து ஆபத்தைக் கணிப்பவர்கள் ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு எடுத்த ரத்தத்தில் அதைச் செய்யக் கூடாது.

டோசிலிசுமாப் என்ற ஊசி இன்னும் விசித்திரம். ஐஎல்-6 சேதியைச் செல்கள் வாங்கிக்கொள்ளும் வாசலை இது அடைத்துவிடுகிறது. கல்லீரலுக்கு உத்தரவே போய்ச் சேராததால் சிஆர்பி தரைமட்டத்துக்கு வரும். அதற்குப் பிறகு புதிதாக ஒரு பாக்டீரியா தொற்று வந்தாலும் சிஆர்பி காட்டிக்கொடுக்காது. வாங்க ஆளில்லாத ஐஎல்-6 ரத்தத்திலேயே தேங்குவதால் அதன் அளவு மட்டும் ஏறிக்கொண்டே போகும். மருந்து வேலை செய்யவில்லை என்று அதைத் தவறாகப் படித்துவிடக் கூடாது.

கல்லீரல் சுருக்க நோய் முற்றியவர்களுக்கு சிஆர்பி தயாரிக்கும் தொழிற்சாலையே பழுது. கடுமையான தொற்றிலும் எண் எதிர்பார்த்த உயரத்துக்குப் போகாது. நிலையத்தில் போன் வேலை செய்யாத கதை இதுதான். நேர்மாறாக, உடல்பருமன் உள்ளவர்களுக்கும் முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் காய்ச்சலே இல்லாத நாளிலும் சிஆர்பி கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

## எண் உண்மையில் உதவும் இடம்

பிரிட்டனில் நடந்த ரெக்கவரி என்ற பெரிய ஆய்வு கொரோனா நோயாளிகளிடம் டோசிலிசுமாபைச் சோதித்தபோது (முடிவு 2021இல் வந்தது), யாருக்கு அந்த ஊசி என்று முடிவு செய்ய இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தே வைத்தது. ஆக்சிஜன் 92க்குக் கீழ் போயிருக்க வேண்டும், அல்லது ஆக்சிஜன் வைத்திருக்க வேண்டும். அதோடு சிஆர்பி 75 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இப்படித் தேர்ந்தெடுத்தவர்களில் ஊசி போடாதவர்களில் 35 சதவீதம் பேரும், போட்டவர்களில் 31 சதவீதம் பேரும் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். சிஆர்பி இங்கே தனியாக நிற்கவில்லை. ஏற்கெனவே மூச்சு இறங்கியவரிடம், அழற்சிதான் இப்போது சேதம் செய்கிறதா என்று கேட்க அதைப் பயன்படுத்தினார்கள்.

அதே ஆய்வின் முந்தைய பகுதி, 2020இல் டெக்சாமெதாசோன் என்ற மலிவான ஸ்டீராய்டைச் சோதித்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3க்குக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் வைத்தவர்களில் 26.2லிருந்து 23.3க்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களிடம் பலனே இல்லை. ஸ்டீராய்டு வாங்கியவர்களில் 17.8, வாங்காதவர்களில் 14.0. உறுதியாகக் கெடுதல் என்று சொல்லுமளவுக்கு அந்த வித்தியாசம் பெரிதல்ல, ஆனால் சாய்வு அந்தப் பக்கம்தான். அழற்சி இன்னும் வைரஸோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும் கட்டத்தில் அதன் கையைக் கட்டிப்போட்டால் யாருக்கு லாபம்?

ஆக்சிஜன் 98 இருக்கும்போதே, சிஆர்பி 30ஐத் தாண்டியது என்பதற்காக மட்டும் ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் 2021இல் ஏராளம். ஸ்டீராய்டு ரத்தச் சர்க்கரையை ஏற்றும். கட்டுப்படாத சர்க்கரையும் தேவையற்ற ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பில்தான் கரும்பூஞ்சை சுலபமாக வேர்பிடித்தது.

## வீட்டில் எதைப் பார்ப்பது

மூச்சை எண்ணுங்கள். நோயாளி சும்மா உட்கார்ந்திருக்கும்போது, அவர் கவனிக்காமல், முழுதாக 60 நொடி. பெரியவர்களுக்கு 24ஐத் தொட்டால் டாக்டரிடம் போக வேண்டும், 30 என்றால் அவசர சிகிச்சை.

ஆக்ஸிமீட்டர் இருந்தால் ஐந்து நிமிடம் அமர்ந்த பிறகு, கை சூடாக இருக்கும்போது, நகப்பூச்சும் மருதாணியும் இல்லாத விரலில் மாட்டி, எண் நிலைக்கும் வரை பொறுங்கள். கருமையான தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். எனவே 94ஐ 95ஆக நினைத்துக்கொள்வதைவிட 93ஆக நினைத்துக்கொள்வது நல்லது. உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருந்தால், ஆறு நிமிடம் சமதரையில் நடந்தபின் மறுபடி பாருங்கள். 93க்குக் கீழ் போனாலோ, 3 முதல் 5 புள்ளி வரை இறங்கினாலோ நுரையீரல் திணறத் தொடங்கிவிட்டது என்று பொருள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குபவர்களுக்கும் இதயநோய், கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் இந்த நடைச் சோதனை வேண்டாம்.

பேச்சு குழறுவது, தூக்கக் கலக்கம் போலக் கிடப்பது, உதடு நீலம் பாரிப்பது, நெஞ்சு அழுத்தம், ஐந்து நாளைத் தாண்டியும் விடாத கடும் காய்ச்சல் ஆகியவை இருந்தால் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்க வேண்டாம். வயதானவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் காய்ச்சலே இல்லாமல்கூட நிமோனியா வரலாம். சாப்பாடு இறங்காமல் சோர்ந்து கிடந்தாலே போதும், அழைத்துப் போய்விடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட்டோடு ஒரு தாளும் எடுத்துச் செல்லுங்கள்: காய்ச்சல் தொடங்கிய தேதி, தினசரி ஆக்சிஜன், நடந்தபின் ஆக்சிஜன், மூச்சு எண்ணிக்கை, இதுவரை விழுங்கிய மாத்திரைகள். முக்கியமாக, மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரைகளின் அட்டையையே கொண்டுபோய்க் காட்டுங்கள். அதில் ஒன்று ஸ்டீராய்டாக இருந்தால் ரிப்போர்ட்டில் உள்ள பாதி எண்களை டாக்டர் வேறு விதமாகப் படிக்க வேண்டியிருக்கும்.

குணமாகி வீடு திரும்பியவர்களுக்கு ஃபெரிட்டினும் டி-டைமரும் சில வாரங்கள் உயர்ந்தே இருக்கலாம். மூச்சு சரியாக இருந்து, கால் வீக்கமோ நெஞ்சுவலியோ இல்லாமல், டாக்டரும் கேட்காமல், அந்த எண் நார்மலுக்கு வந்ததா என்று பார்க்க மட்டும் வாரா வாரம் லேபுக்குப் போக வேண்டியதில்லை.